ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று

உருகுவேயில் எங்கள் ஊருக்கு
முப்பத்து மூன்று என்று பெயர். எண்தான், வேறில்லை.
மொன்டெவிடேயோ பஸ்ஸின் வயிற்றிலிருந்து
அட்டைப்பெட்டி இறங்கியது.
ரசீதில் இரண்டு பெயர்கள்:
ஒடிலா எச்சேவெர்ரி, வில்மார் சரலேகி.
விவாகரத்துக்குப் பின்னும் நாங்கள் சேர்ந்து கையெழுத்திடுவது
இருபத்தொன்பதாம் வருடத்து ஃபோர்டுக்கு மட்டும்.
பசுக்களைப் பிரித்தோம்.
நாயைக்கூடக் கிழமை பேசிப் பிரித்தோம்.
நான்கு சிலிண்டரை இரண்டிரண்டாய் வெட்ட
நீதிபதிக்கு வழி தெரியவில்லை.

பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினான்.
மூடியிலிருந்து பிளக்குகளுக்கு ஓடிய
நான்கு பித்தளைப் பட்டைகளையும்
மிச்சச் சில்லறை தருகிறவனைப்போல
என் உள்ளங்கையில் வைத்தான்.
பாயிண்ட் குழி விழுந்து கறுத்திருந்தது.
"இன்னும் பத்து வருடம் ஓடும்."
"உன் பத்து வருடம் எனக்குத் தெரியும்."

எஞ்சினின் முன்மூடியில் ஒரு திருகு.
அதைக் கழற்றித் தலைகீழாய்ச் செருகி
விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்,
இன்னொருவர் மெல்லச் சுற்ற.
உள்ளே, கண்ணுக்குப் படாத பல்சக்கரத்தில்
மிளகளவு ஒரு பள்ளம்.
முனை அதில் விழுந்தால்
முதல் பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது.
"சுற்று" என்றான்.
சுற்றினேன், இடது கையால்.

வலது மணிக்கட்டு ஜூலைக் குளிரில் பேசும்.
பேசுவது ஒரே ஒரு ஜூலையைப் பற்றித்தான்.
பேட்டரி செத்த காலை. கைப்பிடி என்னிடம்,
ஸ்டீயரிங் முன்னால் அவன்.
பொறியின் லீவர் மேலே இருந்தால்
எஞ்சின் சொன்னபடி கேட்கும்.
கீழே இருந்தால் பிஸ்டன் ஏறி முடிக்கும் முன்பே தீ;
கைப்பிடி திரும்பி உதைக்கும்.
உதைத்தது.
"மேலேதான் இருந்தது" என்றான் ஆஸ்பத்திரியில்.
"மேலேதான் இருந்தது" என்றான் பிறகும்,
சோற்றுக்கு நடுவில், தூக்கத்துக்கு நடுவில்.
நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.
அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

புதியதற்கு லீவர் வேண்டாம்.
அதன் வயிற்றில் இரண்டு எடைகள், இரண்டு ஸ்பிரிங்.
வேகம் கூடினால் எடைகள் விரியும், பொறி முந்தும்.
குறைந்தால் ஒடுங்கும், பொறி பிந்தும்.
எப்போது பொறுக்க வேண்டும் என்று
யாரும் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறு வருடம் நேர்முனை இருந்த இடத்தில்
எதிர்முனையைச் சட்டத்தோடு பூட்டினோம்.
மூன்று முறை சரிபார்த்தான்.
மாற்றிப் பூட்டினால் புதியது
சத்தமில்லாமல் செத்துவிடுமாம்.

பிறகு வயர்கள். டிராக்டர்களோடு வளர்ந்த கை
யோசிக்காமல் பூட்டியது:
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
ஸ்டார்ட்டரை மிதித்தேன்.
கார்புரேட்டர் தும்மியது, சைலன்ஸர் வெடித்தது,
யூகலிப்டஸிலிருந்த கிளிகள் அத்தனையும்
எங்களைத் திட்டிக்கொண்டே எழுந்தன.
அவன் அசையாமல் நின்றான். பொறி தட்டியது.
"இவளுக்கு ஒன்றுக்குப் பிறகு இரண்டு.
மறந்தே போனேன்."
வண்டியைத்தான் சொன்னான்.

வயரை மாற்றி மிதித்ததும் பிடித்துக்கொண்டது.
தகரக் கதவு நடுங்க, நாங்கள் அவரவர் குடுவையில்
மாத்தே உறிஞ்சினோம்.
இந்த ஊரில் யாரும் அப்படிக் குடிப்பதில்லை.

"லீவரையும் எடுத்துவிடட்டுமா?"
"இருக்கட்டும். கீழே உள்ள கம்பியை மட்டும் எடு."
இனி அது எதையும் பிடித்திருக்கவில்லை.
மேலே போனாலும் காற்று, கீழே வந்தாலும் காற்று.

இந்த வாரம் வண்டி என் முறை.
பழக்கத்தில் லீவரை மேலே தள்ளிவிட்டுத்தான் கிளம்பினேன்.
ஒலிமார் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பார்க்கிறேன்,
யாரும் தொடாமல், பல் பல்லாக,
அது இறங்கிக்கொண்டிருக்கிறது.
கம்பி போனதாலா,
எப்போதுமே இப்படித்தானா?

அடுத்த வாரம் வண்டி அவன் முறை,
அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று
பாதிப் பாலம் வரை நினைத்தேன்.